புத்தகத்தோடு திரும்பி வரும் சொல்

பூமணியின் ‘வெக்கை’ வெளிவந்தது 1982இல். 2019இல் ‘அசுரன்’ படம் வந்த பிறகுதான், நான் அப்போது பணியிலிருந்த கிளை நூலகத்தில் அதற்கு ஆள் தேடி வந்தது. பாதிப் பேர் ‘அசுரன் புத்தகம்’ என்றே கேட்டார்கள். அப்படி எடுத்துப்போன லாரி ஓட்டுநர் ஒருவர் பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். நான் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: “படத்துல வெட்டு சார், இதுல சோறு.”

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவரே விளக்கினார். கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையன், கூடவே அவன் அப்பா. காடும் மலையுமாக அலைகிறார்கள். “போற எடமெல்லாம் புள்ளைக்கு என்னத்தத் தின்னக் குடுக்கலாம்னுதான் சார் அந்தாளு பாக்கறான். போலீஸ் பயமெல்லாம் அப்புறந்தான்.” அவருக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா, சமையல் புத்தகம் தவிர வேறெதையும் எடுத்தறியாதவர், “அத எனக்குக் குடுங்க” என்று கையை நீட்டினார்.

அந்த நாவலை நான் இரண்டு முறை படித்தவன். நிலம், சாதி, பழி என்று அரைமணி நேரம் பேசச் சொன்னால் பேசுவேன். சோறு என் கண்ணில் பட்டதே இல்லை. மூன்றாம் முறை போன மாதம்தான் படித்தேன். ஓட்டுநர் சொன்னது சரி. பசியை வைத்துத்தான் அந்தக் கதையில் பொழுதே நகர்கிறது.

அன்றைய பதிவில் என்ன ஏறியது? ஒரு நூல் வரவு, ஒரு நூல் இரவல். மாத அறிக்கையில் அதுவும் கூட்டுத்தொகைக்குள் கரைந்துபோயிருக்கும். நம் பதிவேடுகளைக் குறை சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லாமல் நிதி கேட்க முடியாது. ஆனால் ஒரு புத்தகம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதற்குக் காரணமான அந்த ஒரு சொல்லுக்கு நம்மிடம் கட்டம் கிடையாது.

ரங்கநாதனின் ஐந்து நூலகவியல் விதிகள் 1931இல் நூலாக வந்தன. தேர்வுக்குப் படித்த நாளிலிருந்து நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டாவதை நூற்பட்டியலும் அடுக்குமுறையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். வாசகர் கேட்டு வருகிறார், நாம் எடுத்துக் கொடுக்கிறோம். மூன்றாவதில் கேட்டு வர ஆளே இல்லை. புத்தகம் அலமாரியில் நிற்கிறது, அதற்கு வாயில்லை. யாராவது அதற்காகப் பேச வேண்டும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. மேடானும் பினாங்கும் உலகப் போரும் நிறைந்த அந்த நாவலை நெடுநாள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியர் மதுரையில் நாளிதழ் வேலை பார்த்துக்கொண்டு, தன் நாவலைப் பற்றித் தானே பேசாமல் இருந்துவிட்டார். படித்த சிலர் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் அது இன்று தமிழின் முதன்மையான நாவல்களில் ஒன்றாக நிற்கிறது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை நூலகங்களில் அதன் பிரதி தூசி படிந்து நின்றதோ.

பேசுவதற்குத்தான் வாசகர் வட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நவம்பர் 14 தொடங்கும் நூலக வாரத்தில் அது நன்றாகவே கண்விழிக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. கேட்க வந்தவர்கள் கைதட்டிவிட்டுத் தேநீர் குடித்துப் போகிறார்கள். லாரி ஓட்டுநரை அந்த மேடையில் ஏற்ற நமக்குத் தோன்றாது. ஏற்றினாலும் அவருக்குப் பேச்சு வராது. திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் குழுவில் மேடை கிடையாது. கம்பனின் ஒரே பாட்டை எடுத்து, கேட்பவருக்கு அது தித்திக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்வார்களாம். பெயரிலேயே வட்டம் இருக்கிறது. வட்டத்துக்கு முன்வரிசை உண்டா?

அந்த ஓட்டுநர் வந்துபோன பிறகு நானும் முயன்று பார்த்தேன். முதலில் எல்லோரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வருவது என்று வைத்துக்கொண்டோம். அது நடக்கவில்லை. கிளை நூலகத்தில் ஒரு தலைப்புக்கு ஒரு பிரதி. எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் படித்து முடிப்பதற்குள் முதலாமவர் கதையை மறந்திருந்தார். (‘பொன்னியின் செல்வ’னை யோசித்தோம். ஐந்து பாகத்தில் நான்காவதைக் காணோம். எந்த நூலகத்திலும் காணாமல் போவது ஏதோ ஒரு நடுப்பாகம்தான்.) பிறகு ஆளுக்கொரு புத்தகம், அண்மையில் படித்தது எதுவானாலும் சரி, பத்து நிமிடம் என்று மாற்றினோம். கதைச் சுருக்கம் சொல்லக்கூடாது. எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள், எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

முதல் மாதம் ஆறு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஐம்பது நிமிடம் பேசினார், அதுவும் படிக்காத புத்தகத்தைப் பற்றி. மூன்றாவது மாதத்தில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீ’ட்டைப் பாதியில் நிறுத்தியதாகச் சொன்னாள். ஏன் என்றோம். லிஸியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டோடு வைத்துவிடுகிறார்கள், அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை என்றாள். அறை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. அந்த வாரம் அந்தப் புத்தகத்தை நான்கு பேர் கேட்டார்கள். ஒரு பிரதிக்கு வரிசைப் பட்டியல் எழுத வேண்டியதாயிற்று.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகங்களின் நடுவே உட்கார்ந்து முதுகையும் அட்டையையும் மட்டுமே பார்த்து ஓய்வுபெறும் நூலகர்கள் நம்மில் உண்டு. சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே ஆள் கதவைத் திறந்து, பெருக்கி, பதிந்து, கணக்கெழுதி, பூட்டிப்போகும் ஊர்ப்புற நூலகத்தில் படிக்க நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் மாதத்துக்கு ஒன்று படித்துவிட்டு, அதைப் பற்றி வாசகரிடம் இரண்டு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவர் பதிலுக்கு ஒன்று சொல்வார். நம் வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சுவையான சம்பளம் அதுதான்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்குகிறோம். உங்கள் நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது வாசகர் சொன்னதை, அவர் சொன்ன மொழியிலேயே எழுதி அனுப்புங்கள். வாசகர் பெயர் வேண்டாம், நூலின் பெயர் போதும். மதிப்புரைகள் வேண்டாம், அவை ஏற்கெனவே போதுமான அளவு வந்து குவிகின்றன.

வாய்திறந்து சொல்லாதவர்கள் பென்சிலால் சொல்வதும் உண்டு. துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதிவைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு தடித்த சரித்திர நாவலின் ஓரத்தில் ஒருவர் ‘இதற்கு மேல் இழுவை’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே வேறொரு கையெழுத்து: ‘பத்துப் பக்கம் பொறுங்கள்.’ இருப்புச் சரிபார்ப்பின்போது ரப்பரை எடுத்து மேல்வரியை அழித்தேன். கீழ்வரியை விட்டுவிட்டேன்.