உப்புக்காத்துக்கு உப்புத்தாள் வைத்தியம்!

இந்த வாரம் ஒரு குட்டி வைவா. பழைய பைக் ஒண்ணு. இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் கூடச் சேர்ந்து கண்ணடிக்குது. பிரேக் மிதிச்சா பின்னாடி சிவப்பு விளக்கு அழுது வடியுது. பேட்டரி புத்தம் புதுசு. கோளாறு எங்கே?

'ரெகுலேட்டர் போச்சு சார்', 'மொத்த வயரிங்கையும் மாத்தணும் சார்'னு சொன்ன எல்லாருக்கும் அரியர்! முதல்ல சந்தேகப்பட வேண்டிய ஆசாமி பேரு எர்த்.

திருவொற்றியூர்ப் பசங்களுக்கு இந்த மேட்டர் ரொம்ப முக்கியம் பாஸ். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து ஆரம்பிச்ச 'என்ஃபீல்டு இந்தியா'வோட ஃபேக்டரி நம்ம ஊர்லதான். 2013-ல் ஒரகடம் ஃபேக்டரி வர்றதுக்கு முன்னாடி ரோட்டுக்கு வந்த புல்லட்டுகள்ல ஏகப்பட்டது இங்கே பிறந்தது. அப்பா ஓட்டி, சித்தப்பா ஓட்டி, இப்போ நம்ம கைக்கு வந்திருக்கு. அந்த வண்டி ராத்திரியெல்லாம் நிக்கறதும் இதே கடல்காத்துலதான். கிரில் கேட்டையே தின்னுடற காத்து, வண்டியோட போல்ட்டை மட்டும் விட்டு வெச்சிருமா?

சரி, எர்த்னா என்ன? வீட்டு எர்த் மாதிரி மண்ணுக்குள்ள போற கம்பி இல்லை இது. பேட்டரியோட பாசிட்டிவ்ல இருந்து பல்புக்கு ஒயர் வருது. திரும்பிப் போறதுக்குத் தனி ஒயர் பெரும்பாலும் கிடையாது. இரும்பு ஃப்ரேமே ரிட்டர்ன் ரூட்! டெயில் லைட் கரன்ட், மட்கார்டு போல்ட் வழியா ஃப்ரேமுக்கு வந்து, அங்கிருந்து பேட்டரிக்குப் போய்ச் சேரணும். பழைய பைக் சிலதுல ஹெட்லைட் கரன்ட், கிரீஸ் பூசின ஹேண்டில்பார் பேரிங் வழியாத்தான் திரும்பும்னா பார்த்துக்குங்க. அந்த ரூட்ல ஏதாவது ஒரு போல்ட் துருப்பிடிச்சா, கரன்ட் பக்கத்து பல்பு வழியா சந்து பொந்து தேடி ஓடும். இண்டிகேட்டருக்கு டெயில் லைட் கண்ணடிக்கற ரகசியம் இதுதான்.

இப்போ கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. பிரேக் லைட் 12 வோல்ட், 21 வாட். அதாவது சுமார் 7 ஓம். துருப்பிடிச்ச எர்த்ல வெறும் 1 ஓம் கூடுதலா உட்கார்ந்தா, 1.5 வோல்ட் அங்கேயே காலி. பல்புக்குக் கிடைக்கறது 10.5. 'எட்டுல ஒரு பங்குதானே'னு நினைக்காதீங்க. சாதா இழை பல்புல வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினா வெளிச்சம் மடமடன்னு இறங்கும். இந்தக் கணக்குல மூணுல ஒரு பங்கு வெளிச்சம் அவுட்! ராத்திரி பத்து மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல உங்க பின்னாடி கன்டெய்னர் லாரி வருது. நீங்க பிரேக் பிடிச்சதை அந்த டிரைவர் அண்ணனுக்குச் சொல்றதுக்கு இருக்கறது அந்த ஒரே விளக்குதான். 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடற விஷயமா இது?

செக் பண்றது எப்படி? நம்மாளுங்க மல்டிமீட்டரை எடுத்ததும் 'பீப்' சத்தத்துல வெச்சுப் பார்ப்பாங்க. பீப் அடிச்சா எர்த் ஓகேன்னு கிளம்பிடுவாங்க. அங்கதான் ஏமாத்து வேலை! மீட்டர் அனுப்பறது துளியூண்டு கரன்ட். பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். ஒல்லிப் பலகைப் பாலத்துல பூனை நடந்துச்சுன்னு யானையை ஏத்தற கதை. அதனால லோடு கொடுத்துத்தான் பார்க்கணும்.

இக்னிஷனை ஆன் பண்ணி, ஒரு நண்பரை பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. மீட்டரை டி.சி. வோல்ட்ல வையுங்க. ஒரு கம்பி பேட்டரியோட நெகட்டிவ் முனையில, இன்னொண்ணு பல்பு ஹோல்டரோட உடம்புல. 0.1, 0.2 வோல்ட் காட்டினா கவலையில்லை. 0.5-க்கு மேல போனா ஆளைப் பிடிச்சாச்சு. இப்போ இரண்டாவது கம்பியை ஹோல்டர்ல இருந்து மட்கார்டு, ஃப்ரேம், எர்த் போல்ட், பேட்டரி கிளாம்ப்னு ஒவ்வொரு இடமா நகர்த்துங்க. எந்த இடத்துல ரீடிங் சட்டுனு குறையுதோ, அதுக்கு முந்தின ஜாயின்ட்தான் குற்றவாளி.

தண்டனை சிம்பிள். முதல்ல பேட்டரியோட எர்த் முனையைக் கழட்டுங்க. கடைசியா மாட்டறதும் அதையேதான். அப்போ ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டாலும் தீப்பொறி பறக்காது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல பாசிட்டிவ்வை எர்த் பண்ணினதும் உண்டு. அதனால எந்த முனை ஃப்ரேமுக்குப் போகுதுன்னு கண்ணால பார்த்துட்டுக் கை வையுங்க.

போல்ட்டைக் கழட்டி, ஃப்ரேமையும் ஒயர் முனை வளையத்தையும் உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் தேய்ங்க. புதுசா பெயின்ட் அடிச்ச வண்டின்னா டபுள் உஷார். பெயின்ட் கரன்ட்டை விடாது, போல்ட் உட்கார்ற இடத்துல சுரண்டியே ஆகணும். செம்பு இழை பச்சை பூத்திருந்தா, நல்ல செம்பு வர்ற வரை வெட்டிட்டுப் புது வளையம் போடுங்க. பேட்டரி முனையில பூத்த வெள்ளைப் பொடிக்கு ஆப்ப சோடா தண்ணி போதும், ஆனா பேட்டரிக்குள்ள ஒரு சொட்டு போகக் கூடாது. எல்லாத்தையும் இறுக்கின பிறகு, மேல வாசலின் பூசுங்க. உப்புக்காத்து உள்ளே நுழையாது. ஹெட்லைட்ல இருந்து ஃப்ரேமுக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்துட்டா பேரிங் தொல்லையும் முடிஞ்சுது.

எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் சொல்வார்: "தம்பி, எல்லாரும் கரன்ட் வர்ற வழியைத்தான் பார்க்கறீங்க. திரும்பிப் போற வழியை எவன் பார்க்கறான்?" நம்ம கிர்ச்சாஃப் விதியும் அதைத்தானே சொல்லுது, என்ன, செமஸ்டர் பேப்பர்ல பத்து மார்க்குக்கு எழுதிட்டு மறந்துடறோம்!

மொத்தச் செலவு ஒரு உப்புத்தாள், நாலு வளையம், ஒரு ஞாயித்துக்கிழமை காலை. புது பேட்டரிக்குக் காசு கேட்டு அப்பா முன்னாடி நிக்கறதுக்கு முன்னாடி, இதை ஒரு தடவை பண்ணிப் பாருங்க. மழைக்காலம் முடிஞ்சதும் இன்னொரு தடவை. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்... பிரேக் லைட் பளிச்சுனு எரியட்டும்!