பிரிக்கவில்லை, சம்பளம் கொடுத்தார்கள்

"துருக்கியில் கமால் பாட்சா மதத்தையும் அரசையும் பிரித்து வைத்தார், எர்துவான் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்." முஸ்லிம் நாடுகளைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் இந்த வாசகம் வந்து விழுகிறது. சுயமரியாதை ஏடுகள் கமாலைக் கொண்டாடிய காலந்தொட்டு நமக்கும் இது மனப்பாடம். இதன் இரண்டாம் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. முதல் பாதியில் அதுவும் இல்லை.

1924 மார்ச் 3 கிலாபத்தை ஒழித்த நாள். அது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே நாளில் அதே நாடாளுமன்றம் 'தியானெத்' என்ற சமய விவகாரத் தலைமையகத்தையும் உண்டாக்கி, பள்ளிவாசல்களையும் இமாம்களையும் அதன் பொறுப்பில் விட்டது. அது யாருக்கும் நினைவில்லை. கலீபாவை நாடு கடத்திய அரசு, இமாமை வேலைக்கு அமர்த்திக்கொண்டது. இதற்குப் பெயர் பிரிவினையா?

1926இல் வந்த சுவிஸ் மாதிரி சிவில் சட்டம் பலதார மணத்துக்கு முடிவு கட்டியது. அந்தப் பெருமையை யாரும் பறிக்க வேண்டாம். 1928இல் 'அரசின் மதம் இஸ்லாம்' என்ற வரி அரசமைப்பிலிருந்து போனது. 1937இல் 'லாயிக்லிக்' என்ற மதச்சார்பின்மை உள்ளே வந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 1932 முதல் பாங்கைத் துருக்கி மொழியில்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். 1941இல் அரபியில் சொன்னால் தண்டனை என்று சட்டமே போட்டார்கள். 1950 ஜூனில்தான் அந்தத் தடை நீங்கியது. மதத்தை விட்டு விலகி நிற்கிற அரசுக்கு, மினாராவில் ஏறியவர் எந்த மொழியில் கூப்பிட்டால் என்ன? சூஃபி மடங்களை 1925லேயே மூடியாகிவிட்டது. அரசுச் சம்பளம் வாங்கிய இமாமுக்கு இடம் இருந்தது. வாங்காத ஷேக்குக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தில் மதப்பாடத்தைக் கட்டாயமாக்கியவர் எர்துவான் என்று நினைப்பவர்கள் பலர். செய்தது 1982 அரசமைப்பு. எழுத வைத்தவர்கள் கமாலின் பெயரால் ஆட்சியைப் பிடித்த கெனான் எவ்ரனின் தளபதிகள். அந்தப் பாடம் சுன்னிப் பாடமாகவே இருக்கிறது என்று சுன்னி அல்லாத அலெவிச் சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007இல் வென்றது.

ஆக, 2003இல் பிரதமரான எர்துவான் எதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் குத்பாவைத் தலைநகரில் எழுதி நாடு முழுதும் வாசிக்கச் செய்யும் இயந்திரம் கையில் கிடைத்தது. ஆள்பலத்தையும் பணத்தையும் கூட்டினார். 2016 ஜூலை 15 இரவு, ராணுவக் கலகத்தை எதிர்க்க மக்களைத் தெருவுக்கு அழைத்தவை பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள். உத்தரவு தியானெத்திடமிருந்து வந்தது.

துருக்கியைக் காட்டி, 'முஸ்லிம்களிடம் மதச்சார்பின்மை எடுபடாது' என்று முடிவு கட்டுகிறவர்கள் செனகலை ஒருமுறை பார்க்கட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். 1960 முதல் 20 ஆண்டுகள் அதிபராக இருந்த செங்கோர் ஒரு கத்தோலிக்கர். சூஃபி மடங்களை அங்கே யாரும் மூடவில்லை.

துருக்கியில் அலெவிகள் கூடி வழிபடும் இடத்துக்கு ஜெம்எவி என்று பெயர். வழிபாட்டுத் தலம் என்ற தகுதி அதற்கு இல்லை. 2022இல் அதற்கென அரசு ஒரு தலைமையகம் அமைத்தது; பண்பாட்டு, சுற்றுலா அமைச்சகத்தின் கீழ்.