'பாடல் பெற்ற' என்னும் அடைமொழி

'பாடல் பெற்ற தலம்' என்பது சைவ நன்மக்கள் வரையறுத்து வழங்கும் குறியீடு. தேவார முதலிகள் மூவருள் ஒருவரேனும் பதிகம் அருளப்பெற்று, அப்பதிகம் இன்றும் நின்று நிலவும் பதியே அப்பெயர்க்கு உரியது. ஆயின் இக்காலத்துக் கோயிற் பலகைகளிலும், குடமுழுக்கு அழைப்பிதழ்களிலும், நாட்காட்டிப் படங்களின் அடியிலும் இத்தொடர் 'பழமையான', 'வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த', 'புகழ்பெற்ற' என்பவற்றோடு ஒருபொருட் கிளவியாய் விரவி வழங்கப்படுகின்றது. நாட்காட்டி அச்சிடுதலிற் பெயர்போன சிவகாசியினின்று ஒரு பிழை புறப்படின், அது தமிழகத்துச் சுவர்தோறும் ஓராண்டுக் காலம் தொங்கும். ஆதலின் இதனைச் சிறு குற்றமென விடுதல் சாலாது.

சிவகாசியையே எடுத்துக்கொள்வோம். தென்காசிக் கோயில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் காசியினின்று கொணர்ந்த இலிங்கம் இடைவழியில் நிலைகொண்ட பதி அஃது என்பது தலவரலாறு. அப்பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டினன். அவனுக்கும் ஆளுடைய நம்பிகட்கும் இடையே ஐந்நூறு யாண்டிற்குக் குறையாத இடையீடு உண்டு. அங்ஙனமாக, காசி விசுவநாதப் பெருமான் திருக்கோயிலைப் 'பாடல் பெற்றது' என்பார், பாடினவர் யாவர், பதிகம் யாது என்னும் வினாக்கட்கு என் விடை கூறுவர்? 'குட்டி ஜப்பான்' என்று அவ்வூரை அழைக்கும் உலகியலாருங்கூட, 1923 முதல் வளர்ந்த தீப்பெட்டித் தொழிலையும் பின் வந்த பட்டாசினையும் அச்சினையும் காட்டியன்றோ அழைக்கின்றனர்! அங்காடிச் சொல்லுக்கு உள்ள சான்றும் ஆலயச் சொல்லுக்கு வேண்டாவோ?

விருதுநகர் மாவட்டம் முழுமையினும் பாடல் பெற்ற பதி ஒன்றே. அது குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழியல். பாண்டிநாட்டுத் தலம் பதினான்கனுள் ஒன்று. திருமேனிநாதர் துணைமாலையம்மையுடன் எழுந்தருளிய அத்தலத்தைச் சேரமான் பெருமாளுடன் சென்று வணங்கிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. அங்குத் தங்கிய இரவில் இறைவன் காளை வடிவிற் கனவில் தோன்றித் தன் இருப்பிடம் கானப்பேர் என்றதனைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பர். இன்றோ 1879-ல் இரமண மகரிஷிகள் பிறந்த ஊர் என்றே பலரும் அதனை அறிகின்றனர். அதுவும் பெருமையே. ஆயினும் எல்லாக் கோயிலும் 'பாடல் பெற்றது' ஆயினமையால், உண்மையிற் பெற்ற ஒன்று தன் பெயரை இழந்து நிற்கின்றது.

'இறைவன் எங்கும் நிறைந்தவன். ஒரு கோயிலை உயர்த்திக் கூறுதல் குற்றமாமோ?' எனின், அற்றன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு விதிக்கின்றது. பதிகம் உடைய ஆலயத்தை மட்டும் என்று அது கூறிற்றில்லை. ஆகவே சிவகாசிக்கு இரவற் பெயர் வேண்டா. மணிவாசகப் பெருமான் அறுபத்துமூவருள் எண்ணப்படாதவர். அதனால் அவரைக் குறைந்தவர் என்பார் யாரும் இலர், அவரை அத்தொகையிற் புகுத்த முயல்வாரும் இலர். தனிப்பதிகமின்றித் தேவாரத்துட் பெயர் மட்டும் குறிக்கப்பட்டவற்றை 'வைப்புத்தலம்' என வேறு பிரித்த முன்னோர் சொல்லின் எல்லையறிந்தவர். இடைவாய்ப் பதிகம் கல்வெட்டினின்று வெளிப்பட்ட பின்னரே 274 என்றிருந்த தொகை 275 ஆயிற்று. கல் சான்று பகர்ந்தது, தொகை ஏறியது.

அயலே நோக்குக. சீவில்லிபுத்தூரும், சிவகாசிக்கு அணித்தாகிய திருத்தங்கலும் மங்களாசாசனம் பெற்றவை. வைணவர் தம் நூற்றெட்டுத் திருப்பதிகளோடு ஊர்தோறும் உள்ள பெருமாள் கோயில்களைச் சேர்த்து எண்ணுவதில்லை. அக்காவல் சைவர்க்கு ஏன் இல்லை?

விருதுபட்டி என்றிருந்தது 1923-ல் விருதுநகர் ஆயிற்று. ஊரார் விரும்பின் ஊர்ப்பெயர் மாறும். திருமுறைப் பதிகம் அங்ஙனம் வருவதன்று. எனவே 'பாடல் பெற்ற' எனப் பலகையில் எழுதுவார், பாடியருளினார் திருப்பெயரையும் திருமுறை எண்ணையும் அதன்கீழ் எழுதுக. எழுத இயலாதார் அச்சொல்லை அழித்துவிடுக.