லெஃப்ட் ஜொயின் போட்டும் காணாமல் போன ஐந்து பிள்ளைகள்

"குவெரி பில்டர் இருக்கும்போது எஸ்.கியூ.எல் எதற்கு சேர்?" என்று கேட்கும் நம் இளம் ஆசிரியர்களுக்கும், கோடிங் வகுப்பு நடத்தும் தம்பிமாருக்கும் இது. கோபம் வந்தால் வரட்டும்.

இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து, தரம் 10 புள்ளிப் பட்டியலை எங்கள் பாடசாலை மென்பொருளில் எடுத்தோம். பழைய மாணவர்கள் லாரவெலில் எழுதித் தந்தது. ஒரு சதமும் வாங்கவில்லை, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். வகுப்பில் 38 பேர், பட்டியலில் 33. விடுபட்ட ஐவரும் பரீட்சைக்கு வராதவர்கள். அதாவது, நாங்கள் வீடு தேடிப் போக வேண்டிய பிள்ளைகள்.

"லெஃப்ட் ஜொயின்தானே போட்டோம்?" என்றார்கள். போட்டார்கள்தான். மாணவர் அட்டவணை இடப்பக்கம், புள்ளி அட்டவணை வலப்பக்கம். இடப்பக்கத்தார் எல்லாரும் வர வேண்டும். ஆனால் அதற்குக் கீழே, வலப்பக்க அட்டவணையின் மீது 'தவணை 2' என்று ஒரு வெயார். முதலாம் தவணை மட்டும் எழுதிய பிள்ளைக்கு அந்த நிரலில் 1. எதுவுமே எழுதாத பிள்ளைக்கு நல், அதாவது வெற்றுப் பெறுமானம். இரண்டுமே 2 ஆகாது. நிரை விழுந்துவிடும். பெயர் லெஃப்ட் ஜொயின், வேலை இன்னர் ஜொயின்.

அந்த நிபந்தனை ஜொயினுக்கு உள்ளே, ஒன் எழுதும் அதே குளோஷருக்குள் போயிருக்க வேண்டும். ஒரு வரியை இடம் மாற்றும் வேலை. ஆனால் ஒன்னுக்கும் வெயாருக்கும் உள்ள வேறுபாட்டை எஸ்.கியூ.எல்லைக் கையால் எழுதிப் பார்க்காதவர் எங்கே கண்டுபிடிப்பது? 'டுஎஸ்கியூஎல்' என்று கடைசியில் சேர்த்தால் பில்டர் உருவாக்கும் வினவலை லாரவெலே காட்டும். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையாம்!

பில்டர் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பெறுமானங்களை வேறாகப் பிணைத்து அனுப்புவதால் எஸ்.கியூ.எல் இன்ஜெக்ஷனிலிருந்து அது பெரும்பாலும் காக்கும். சொன்னதைச் செய்யும். நாம் என்ன சொன்னோம் என்பதை மட்டும் அதனால் நமக்கு விளங்கப்படுத்த முடியாது.

பிழையில் எங்களுக்கும் பங்குண்டு. உயர்தரப் பாடத்திட்டத்தில் எஸ்.கியூ.எல் இருக்கிறது. அந்நியச் சாவிக்கு வரைவிலக்கணம் எழுத வைத்து, முழுப் புள்ளியும் போட்டு அனுப்பியது நாங்கள்தான். இனி எங்கள் ஆய்வுகூடத்தில் ஜொயின் எழுதும் பிள்ளை, பட்டியலை எடுத்ததும் முதலில் ஆட்களை எண்ண வேண்டும்.

அந்த ஐவரில் இருவரின் வீட்டுக்கு இன்று அஸருக்குப் பிறகு போகிறோம்.