கிராஸா, கிரௌனா?

பழைய காரின் பின்பக்கம் சத்தம் போட்டதும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கை இறக்கச் சொல்வது நம் மெக்கானிக்குகளின் கெட்ட பழக்கம். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இந்த அவசரம் கூடவே கூடாது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே பின்னமைப்புதான்: டிஃபரன்ஷியல் சேஸியோடு இறுகியிருக்கும், அதன்மேல் குறுக்காக ஒரே பட்டைக்கட்டு (லீஃப் ஸ்பிரிங்), இருபுறமும் தனித்தனியே ஆடும் அரை ஆக்சில். பூலாம்பாடி போன்ற ஊர்ப் பக்கம் ஆளில்லாத சாலைக்கா பஞ்சம்? கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக் கேளுங்கள். கிளட்சை விடும்போது 'டக்' என்றால் முதல் சந்தேகம் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) மேல்தான். கிரீஸ் காய்ந்த கிராஸ் மெதுவாகப் போகையில் குருவிபோலக் கீச்சிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று ஊளையிட்டால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரௌன்-பினியன். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறையும் உறுமல் பெரும்பாலும் சக்கர பேரிங். பள்ளத்தில் மட்டும் இடித்தால் ஷாக் அப்சார்பர் ரப்பரையும் புஷ்களையும் பாருங்கள். (டிக்கியில் ஸ்டெப்னி சரியாக முடுக்காததும் உண்டு, சிரிக்காதீர்கள்.) 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் முழு ஆக்சில் வைத்துவிட்டார்கள். ஆனால் ஹெரால்டில் அரை ஆக்சில் என்பதால் பக்கத்துக்கு ஒரு கிராஸ் கூடுதல். ஜாக்கி, ஸ்டாண்டு வைத்து அதன் இரு பக்கத்தையும் எதிரெதிராகத் திருகினால் ஆட்டம் கையிலேயே தெரியும்.