அளந்து பார்த்த பிறகே ஆக்சிஜன்

நாகர்கோவில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2011இல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குச் சென்ற ஒரு பெண்ணுக்கு, ஆக்சிஜனுக்குப் பதிலாக மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. நினைவிழந்தவர் மீளவே இல்லை. அடுத்த ஆண்டு இறந்துபோனார். குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பின்னர் உத்தரவிட்டது. 2016 மே மாதம் இந்தூர் அரசு மருத்துவமனையின் புதிய அறுவை அரங்கில் இரண்டு குழந்தைகள் இதே தவறுக்குப் பலியாயின. அதே ஆண்டு சிட்னியின் பேங்க்ஸ்டவுன் மருத்துவமனையில் ஒரு பச்சிளம் சிசு இறந்தது. இன்னொரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. ஆக்சிஜன் என்று எழுதியிருந்த குழாய் வாயில் நைட்ரஸ் ஆக்சைடு வந்துகொண்டிருந்தது. பணத்துக்கும் கருவிகளுக்கும் பஞ்சமில்லாத ஊர் சிட்னி என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இத்தகைய விபத்துக்குப் பிறகு நம் வழக்கம், அன்று பணியிலிருந்த செவிலியரையோ மயக்க மருத்துவரையோ நோக்கி விரல் நீட்டுவது. அது நியாயமல்ல. சிலிண்டரைப் பொறுத்தவரை அடையாளங்கள் தெளிவானவை: ஆக்சிஜனுக்குக் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும், நைட்ரஸ் ஆக்சைடுக்கு நீலம். சிறிய சிலிண்டர்களில் ஒன்றின் இணைப்பு மற்றதில் பொருந்தாதபடி ஊசித் துளைகளும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. ஆனால் சுவருக்குப் பின்னால் ஓடுபவை எல்லாம் செம்புக் குழாய்கள். அங்கே இரண்டு குழாய்கள் மாறிப் பற்றவைக்கப்பட்டால், வெளியே எழுத்தும் சரியாக இருக்கும், இணைப்பும் கச்சிதமாகப் பொருந்தும். வாயு மட்டும் தவறு. நோயாளியின் ரத்த ஆக்சிஜன் அளவு சரிவதைக் காணும் மருத்துவர் என்ன செய்வார்? பயிற்சி சொல்லித் தந்தபடி ஃப்ளோமீட்டரை இன்னும் திறப்பார். உயிரைக் காக்கத் திருகும் ஒவ்வொரு திருகும் அந்த உயிரைக் குறுக்கும். இதைவிடக் கொடிய பொறியை மருத்துவமனைக்குள் கற்பனை செய்வது கடினம்.

இதிலிருந்து தப்பிக்க வழி ஒன்றுதான்: வரும் வாயுவையே அளப்பது. புதிதாகப் போட்ட குழாயோ பழுதுபார்த்த குழாயோ, ஒவ்வொரு வாயிலிலும் ஆக்சிஜன் அளவுமானியை வைத்துச் சோதித்து, மயக்க மருத்துவர் கையெழுத்திட்ட பிறகே அங்கே நோயாளியைக் கிடத்த வேண்டும். ஒப்பந்ததாரரின் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. அளவுமானி கையடக்கக் கருவி. ஒரு வென்டிலேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம்.

கருவியைவிட முக்கியம், அதைக் கையில் பிடிக்கும் ஆள். கொரோனாவுக்குப் பிறகு நாடெங்கும் 1,200க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் பி.எம். கேர்ஸ் நிதியில் நிறுவப்பட்டன. 2021 டிசம்பரில் மாவட்டத்துக்கு ஒருவருக்காவது ஆக்சிஜன் மேலாண்மையில் பயிற்சி அளிக்கும் திட்டத்தையும் மத்திய அரசு தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் போதாது. மூன்று ஷிப்டுகளில் இயங்கும் ஒரு மருத்துவமனைக்கு மாவட்டத்துக்கு ஒருவர் எந்த மூலைக்கு? 2021 ஏப்ரலில் நாசிக் மருத்துவமனையின் ஆக்சிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டு விநியோகம் தடைபட்டபோது, அன்றே 22 நோயாளிகள் உயிரிழந்தனர். அத்தகைய தருணத்தில் எந்த வால்வை மூடுவது, மாற்று சிலிண்டர் வரிசையை எப்படித் திறப்பது என்று அறிந்தவர் அந்த வளாகத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

செவிலியர்களே இதையும் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். படுக்கையருகே அவர்கள் அறிய வேண்டியவை உண்டு. 1,500 லிட்டர் கொள்ளும் ‘பி’ வகை சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் இரண்டரை மணி நேரமே தாங்கும். அழுத்தமானியின் முள் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தால் 50 நிமிடம்தான். நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். எண்ணெய் பட்ட கையால் வால்வைத் தொடக் கூடாது, வால்வை மெல்லத் திறக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு சிலிண்டர் நுழையவே கூடாது. மும்பையில் 2018இல் அப்படி ஒரு சிலிண்டர் உள்ளே போனதால் ஓர் இளைஞர் உயிரிழந்தார். இந்தப் பயிற்சி அனைவருக்கும் ஆண்டுதோறும் தேவை. ஆனால் இரவில் ஒரு வார்டையே தனியாளாகச் சுமக்கும் செவிலியரிடம் சிலிண்டர் அறையையும் ஒப்படைப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலை.

மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி மருந்து. மாத்திரை கொடுக்கத் தகுதி பெற்ற மருந்தாளுநர் வேண்டும் என்று விதித்திருக்கும் நாம், இந்த மருந்தை மட்டும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரிடமும் விட்டுவிடலாகாது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஷிப்டுக்கு ஒரு மருத்துவ வாயுத் தொழில்நுட்பர் பணியிடத்தைத் தமிழக அரசு நிரந்தரமாக உருவாக்கி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நிரப்ப வேண்டும். அதுவரை காத்திராமல், இயங்கிவரும் எல்லா வாயில்களையும் ஒருமுறை அளந்து, முடிவுகளை வெளியிட உத்தரவிட வேண்டும்.