கப்பலேறும் இறாலும் கறிக்கு வரும் மீனும்

வளர்ப்பு இறாலில் தடுக்கப்பட்ட மருந்தின் எச்சம் கிடக்கிறது என்று, நூற்றுக்குப் பத்துச் சரக்கு என்றிருந்த சோதனையை ஐம்பதாக உயர்த்தியது ஐரோப்பிய ஒன்றியம், 2016இல். அவர்கள் மக்களின் வயிறு அவர்களுக்கு அருமை! குறை சொல்லவில்லை நாம். நம் சந்தைக்கு வரும் கட்லாவையும் ரோகுவையும் அப்படிச் சோதிப்போர் எங்கே? நம் மக்களின் வயிறு என்ன, மண்பானையா?

குளோராம்பெனிக்கால், அரிதாகவேனும், எலும்பு மச்சையைக் கெடுத்து இரத்தம் ஊறாமலே செய்துவிடும் மருந்து. அதையும் நைட்ரோபியூரான் வகைகளையும் உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குப் பயன்படுத்த 2025இல் தடை விதித்தது மத்திய அரசு. வரவேற்கிறோம். ஆனால், அரசிதழ் கால் முளைத்துக் குளக்கரைக்கு நடந்து வருமா?

நாகை வட்டாரத்து இறால் பண்ணைக்காரரைக் கேளுங்கள். வெண்புள்ளி நோய் புகுந்தால் சில நாளில் குளமே காலி! அது வைரஸ் நோய். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதனிடம் பலிக்காது. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை; டப்பாவை நீட்ட ஆளுண்டு. கடன்பட்டு நிற்பவர் வாங்காமல் என் செய்வார்? அவரை மட்டும் பிடித்து அபராதம் போடுவதா ஒழுங்குமுறை?

நார்வே நாட்டில் 1987இல் சால்மன் வளர்ப்புக்குக் கொட்டிய நோய்க்கொல்லி ஏறத்தாழ 50 டன். தடுப்பூசி வந்தது. மீன் பன்மடங்கு பெருகியது. மருந்தோ அண்மை ஆண்டுகளில் ஒரு டன்னுக்கும் கீழே! இறாலுக்கு அந்த ஊசி எளிதில் வாய்க்காது, உண்மை. நோயற்ற குஞ்சு கொடுக்கலாமே! குளக்கரைக்கு மீன் மருத்துவரை அனுப்பலாமே! டப்பாவுக்குள் இருப்பதைத் தமிழில் அச்சிடு என்று விற்பவனுக்கு உத்தரவு போடலாமே!

எப்போது போடுவார்கள்? ஆளவந்தார் நாள் குறித்துச் சொல்லட்டும்.